குறுக்கெழுத்தில் ரக்பி: தொடக்கக்காரர்களுக்கு ஒரு விளக்கம்

‘சர்ச் செரமனிஸ் ஃபார் கன்வெர்ட்டட் ட்ரைஸ் (5)’

பிரிட்டிஷ் நாளிதழ்களில் வரும் கிரிப்டிக் (விடையை நேராகச் சொல்லாமல் மறைத்துச் சொல்லும்) குறுக்கெழுத்துகளின் பாணியில் ஒரு குறிப்பு இது. ரக்பி பார்க்கிறவர் இதைப் படித்ததும் கணக்குப் போட ஆரம்பிப்பார்: ஒரு ட்ரைக்கு ஐந்து புள்ளி, அதைக் கன்வெர்ட் செய்தால் இன்னும் இரண்டு, மொத்தம் ஏழு. ரக்பி தெரியாதவருக்கு மதமாற்றம் நினைவுக்கு வரும், பாதிரியாரைத் தேடுவார். இரண்டு பேருக்கும் விடை கிடைக்காது. குறிப்பு கேட்பது இவ்வளவுதான்: ‘ட்ரைஸ்’ என்பதன் ஐந்து ஆங்கில எழுத்துகளையும் கலைத்து அடுக்கு, தேவாலயச் சடங்குகள் என்று பொருள் தரும் சொல் வரும். விடை ‘ரைட்ஸ்’. உரிமை என்று பொருள்படும் ரைட்ஸ் இல்லை. ஆர், ஐ, டி, இ, எஸ் என்று எழுதுகிற, சடங்கைக் குறிக்கும் ரைட்ஸ்.

கிரிக்கெட் சொற்களை வைத்து ஏமாற்றினால் நம்மவர்கள் அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை. ‘மெய்டன்’ என்றால் கன்னிப்பெண்ணா, ரன் இல்லாத ஓவரா என்று உடனே சந்தேகப்படத் தெரியும். காலைக் காப்பியோடு ‘தி இந்து’ ஆங்கில நாளிதழின் கிரிப்டிக் கட்டத்தைப் போடுகிறவர்களும் பிரிட்டிஷ் கட்டங்களுக்குப் போனால் இடறி விழுவது ரக்பியில்தான். இலங்கையில் பள்ளி ரக்பி பார்த்து வளர்ந்தவர்களுக்கு மட்டும் இதில் ஒரு சலுகை உண்டு. அதுவும் சில நேரம் இடைஞ்சலாகிவிடும். காரணம் போகப் போகத் தெரியும்.

குறிப்பின் உடலமைப்பு

பெரும்பாலான கிரிப்டிக் குறிப்புகளில் இரண்டு பாகம் இருக்கும். ஒன்று விடையின் நேர்ப்பொருள். மற்றது அதே விடையை எழுத்தெழுத்தாகக் கட்டித்தரும் சொல் விளையாட்டு. நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்தில் இருக்கும், இல்லையென்றால் முடிவில் இருக்கும், நடுவில் வராது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் கிடைக்கும் கதை வெறும் மேல்பூச்சு. அடைப்புக்குறிக்குள் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை.

தமிழருக்கு இது புதுச்சரக்கில்லை. ஒரு சொல்லை இரண்டு பொருளில் ஆள்வது சிலேடை. தண்டியலங்காரம் பட்டியலிடும் சித்திரகவிகளில் மாலைமாற்று, கரந்துறைச் செய்யுள், அக்கரச்சுதகம் எல்லாம் எழுத்தோடு ஆடும் ஆட்டங்கள்தான். ‘விகடகவி’யைத் திருப்பிப் படிப்பது, ‘தாமரை’க்குள் ஒளிந்திருக்கும் ‘மரை’ என்ற மானைப் பிடிப்பது, ‘நகரம்’ தலையிழந்து ‘கரம்’ ஆகி, இன்னொரு தலையும் போய் ‘ரம்’ ஆவதைப் பார்ப்பது — இந்தக் கண் இருந்தால் கிரிப்டிக்கில் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி, எந்தச் சொல் எந்த வேலையைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்வது. கலை, திருப்பு, வெட்டு, உள்ளே வை என்று கட்டளையிடும் சொற்களை இங்கே சாடைச் சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். ரக்பி புதிர் அமைப்பவர்களுக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்றால், அந்த ஆட்டத்தின் கலைச்சொற்கள் பெரும்பாலும் சாதாரண ஆங்கிலச் சொற்கள். அதிலும் பல பிறவியிலேயே சாடைச் சொற்கள். ஹெட், ஹாஃப், விங், சென்டர், பேக், அவுட், டிராப், டேக்கிள், கன்வெர்ட். தலை, பாதி, ஓரம், நடு, பின்பக்கம், வெளியே, விடு, பிடி, மாற்று. ஓர் எழுத்துக் கூட்டத்தை என்னவெல்லாம் செய்யலாமோ அத்தனைக்கும் அங்கே ஒரு சொல் இருக்கிறது.

தேவையான அளவுக்கு ரக்பி

ரக்பி யூனியனில் அணிக்கு 15 பேர். 1 முதல் 8 வரை ஃபார்வர்டுகள். எட்டுப் பேரையும் சேர்த்து ‘பேக்’ (கூட்டம்) என்பார்கள். 1 லூஸ்-ஹெட் ப்ராப், 2 ஹுக்கர், 3 டைட்-ஹெட் ப்ராப், 4, 5 லாக் (இவர்களே ‘செகண்ட் ரோ’), 6, 7 ஃப்ளாங்கர், 8 பெயரே நம்பர் எய்ட். மீதி ஏழு பேர் பேக்ஸ் (பின்னால் நிற்பவர்கள்): 9 ஸ்க்ரம்-ஹாஃப், 10 ஃப்ளை-ஹாஃப், 11, 14 விங், 12, 13 சென்டர், 15 ஃபுல்-பேக்.

இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் தோள் கோத்துத் தள்ளுவது ஸ்க்ரம். பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டினால் ‘டச்’. அதை வரிசையாக நிற்கும் இரு அணிகளுக்கு நடுவே எறிவது லைன்-அவுட். தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் நின்று முட்டிக்கொள்வது ரக், பந்து வைத்திருப்பவரை நின்ற நிலையில் வளைத்து முண்டுவது மால். பந்து கைமாறிப் போவது டர்ன்ஓவர்.

புள்ளிகளில் ட்ரை 5, கன்வெர்ஷன் (ட்ரைக்குப் பிறகு கோலை நோக்கி அடிக்கும் உதை) 2, பெனால்டியும் டிராப் கோலும் 3. ட்ரைக்கு ஏன் ‘முயற்சி’ என்று பெயர் என்றால், ஆரம்பத்தில் எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதற்குப் புள்ளியே கிடையாது. கோல் அடித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு மட்டும் கிடைக்கும். அந்த வாய்ப்பின் பெயர் நின்றுவிட்டது. யூனியனில் ஐந்து புள்ளி என்று ஆனது 1992இல்தான். 1895இல் வடக்கு இங்கிலாந்தின் கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிப் பிரிந்துபோன வழியில் வந்தது ரக்பி லீக். அதில் அணிக்கு 13 பேர்.

இந்தியாவுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றைக்கும் மோதிக்கொள்ளும் கல்கத்தா கோப்பை, 1878இல் கலைக்கப்பட்ட கல்கத்தா ஃபுட்பால் கிளப்பின் கணக்கில் மிஞ்சிய வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்தது. கைப்பிடிகள் நாகங்கள், மூடிமேல் யானை.

கலைக்கும் சொற்கள்

எழுத்துகளைக் கலைத்துப் போடும் அனகிராம்தான் தொடக்கக்காரருக்கு முதலில் பிடிபடும். ரக்பி வாசனையுள்ள சாடைகள்: கன்வெர்ட்டட், மால்ட், லூஸ், கொலாப்ஸ்ட், புரோக்கன், அவுட், ஆஃப். கடைசி இரண்டும் சின்னச் சொற்கள், கண்ணில் படாமல் நழுவும்.

‘லாங் ரன்னர் ஃப்ரம் லைன்-அவுட் (4)’

லைன்-அவுட்டில் பந்தைப் பிடித்து நெடுந்தூரம் ஓடுகிற ஆட்டக்காரர் மனக்கண்ணில் வருகிறாரா? அவரை அனுப்பிவிடுங்கள். ‘லைன்’ அவுட் என்றால் அந்த நான்கு எழுத்தும் குலைந்து கிடக்கின்றன. அடுக்கினால் ‘நைல்’. நெடுந்தூரம் ஓடுவது நதி. இணைப்புக்கோடு, காற்புள்ளி எல்லாம் மேல்பூச்சைச் சேர்ந்தவை. தீர்க்கும்போது அவற்றைப் பார்க்கவே வேண்டாம்.

இங்கே ஒரு கணக்கு உதவும். கலைக்க வேண்டிய சொல்லின் எழுத்து எண்ணிக்கையும் அடைப்புக்குறி எண்ணும் சமமாக இருந்தால் அனகிராம் என்று பலமாகச் சந்தேகிக்கலாம். ‘ட்ரைஸ்’ ஐந்து, விடை ஐந்து. ‘லைன்’ நான்கு, விடை நான்கு. சமமில்லை என்றால் வேறு துண்டு ஏதோ சேர்கிறது அல்லது கழிகிறது. கலைத்ததும் முதலில் கிடைக்கும் சொல்லே விடை என்று எழுதிவிடவும் கூடாது. ‘ட்ரைஸ்’ குலைந்தால் ‘டயர்ஸ்’ வரும், அடுக்குகளைக் குறிக்கும் ‘டியர்ஸ்’ வரும், ‘ரைட்ஸ்’ வரும். எது என்று தீர்ப்புச் சொல்வது நேர்ப்பொருள்தான்.

நியாயமான புதிரில் கலைக்க வேண்டிய எழுத்துகள் குறிப்பிலேயே கண்ணுக்கெதிரே இருக்கும். ‘கன்வெர்ட்டட் ஸ்கோர்’ என்று சொல்லிவிட்டு, ஸ்கோர் என்றால் ட்ரை, அதைக் கலை என்று இரண்டு படி தாவச் சொல்வது கள்ளாட்டம். நாலெழுத்துச் சொல்லுக்கே பத்து ஒருபொருட்சொற்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் கலைத்துக்கொண்டிருக்க யாருக்குப் பொழுது இருக்கிறது?

தலை, பாதி, ஓரம்

இதுதான் ரக்பிக் குறிப்புகளின் சாறு. ஆட்டக்காரர்களின் பெயரிலேயே எழுத்தின் இடம் சொல்லப்பட்டுவிடுகிறது.

‘டைட்-ஹெட் ஜாய்ன்ஸ் ரக், ஹெவி கேரியர் (5)’

டைட்-ஹெட் ப்ராப் ரக்கில் போய்ச் சேருகிறார், கனமான ஆள், சுமந்துகொண்டு ஓடுவார். ஆட்டக் காட்சி கச்சிதம். ஆனால் ‘டைட்’டின் தலை என்றால் அதன் முதல் எழுத்து. அதை ‘ரக்’ முன்னால் ஒட்டினால் ‘ட்ரக்’. கனமாகச் சுமப்பது லாரி. அதேபோல ‘லூஸ்-ஹெட்’ என்றால் எல். இப்படிச் சொல்வதை எல்லாப் பத்திரிகை ஆசிரியர்களும் ஒத்துக்கொள்வதில்லை. ‘ஹெட் ஆஃப் டைட்’ என்று இலக்கண சுத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது ஒரு கட்சி. லண்டன் ‘டைம்ஸ்’ கட்டம் பொதுவாகக் கண்டிப்பு, ‘கார்டியன்’ கொஞ்சம் தாராளம். தீர்க்கிறவர் இரண்டுக்கும் தயாராக இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

‘ஃப்ளை-ஹாஃப் ஜாய்னிங் யூனிவர்சிட்டி, எ பீஸ்ட் (3)’

ஃப்ளை என்றால் பறக்கும் பூச்சி. கொசு இனத்தைச் சேர்ந்த ‘நாட்’ (முதல் எழுத்து ஜி, உச்சரிப்பில் வராது) நான்கெழுத்துப் பூச்சி. அதில் பாதி ஜி, என். யூனிவர்சிட்டிக்குச் சுருக்கம் யு. சேர்த்தால் ‘நியூ’ என்று ஒலிக்கும், ஆப்பிரிக்கப் புல்வெளியில் மந்தை மந்தையாக ஓடும் மிருகம். ஃப்ளை-ஹாஃப் என்று எங்கே பார்த்தாலும் இந்தப் பூச்சியைப் பாதியாக வெட்டிப் பாருங்கள். பத்தில் எத்தனை தடவை என்று சொல்ல முடியாது, ஆனால் வீண்போகாது. பின்பாதி ஏ, டி என்பதும் நினைவிருக்கட்டும்.

‘பிளேயர்ஸ் டிராப்பிங் விங்கர்ஸ் ஃபார் ஹென் (5)’

விங்கர்கள் என்றால் இரண்டு ஓரத்திலும் நிற்பவர்கள். ‘பிளேயர்ஸ்’ என்ற சொல்லின் இரண்டு ஓரத்தையும் உதிர்த்தால் ‘லேயர்’. முட்டை இடுவது கோழி. நம் அக்கரச்சுதகம் இதுதான், உடுப்பு மட்டும் ரக்பி ஜெர்சி. ஒருமையில் லெஃப்ட் விங் வந்தால் முதல் எழுத்து, ரைட் விங் வந்தால் கடைசி எழுத்து. சென்டர் வந்தால் நடு எழுத்து. இரட்டைப்படை நீளமுள்ள சொல்லாக இருந்தால் நடுவில் இரண்டு. ‘கேப்டன்’ பல சமயம் தலை எழுத்தைக் குறிக்கும். ‘சென்ட் ஆஃப்’, ‘டிராப்ட்’, ‘லாஸ்ட்’ போன்றவை உதிர்க்கச் சொல்லும் சாடைகள். ‘டச் வித்தவுட் ஹெட்: தட் ஹர்ட்! (4)’ என்றால் ‘டச்’ தலையிழந்து ‘அவுச்’ ஆகிறது. அடிபட்டவர் கத்துகிற சத்தம்.

பிடிப்பதும் புரட்டுவதும்

ரக்பியில் டேக்கிள் என்றால் ஓடுகிறவரைக் கட்டிப்பிடித்துச் சாய்ப்பது. குறுக்கெழுத்தில் ஒரு சொல் இன்னொன்றைச் சுற்றி வளைப்பது.

‘கிளெய்ம் ப்ராப் இஸ் டேக்கிள்ட் பை பியர் (6)’

ப்ராப் என்றால் தாங்கு. தாங்குவது ‘லெக்’, மேசைக்கால் போல. பியர் வகையில் ‘ஏல்’ என்ற மூன்றெழுத்துச் சொல் கிரிப்டிக் உலகில் தினசரிப் புழக்கம். ஏலின் முதல் இரண்டு எழுத்துக்குப் பிறகு ‘லெக்’கை நுழைத்து, மிச்சமிருக்கும் இ-யைக் கடைசியில் வைத்தால் ‘அலெஜ்’. குற்றம்சாட்டிச் சொல்வது, அதாவது கிளெய்ம். ‘டேக்கிளிங்’, ‘ஹோல்டிங்’ வந்தால் முன்னால் உள்ள சொல் வெளியே நிற்கும். ‘டேக்கிள்ட் பை’, ‘ஹெல்ட் பை’ வந்தால் அது உள்ளே போகும். தொடக்கக்காரர்கள் தலைகீழாகப் பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். யார் யாரைப் பிடித்தார் என்று ஒரு கணம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் தெளிந்துவிடும்.

பந்துக்காரரைக் கோட்டுக்கு மேல் தூக்கிப் பிடித்துவிட்டால் வர்ணனையாளர் ‘ஹெல்ட் அப்’ என்பார். மேலிருந்து கீழே எழுதும் குறிப்பில் அதே சொல் வந்தால் இரண்டு வேலை செய்யும்: ‘ஹெல்ட்’ உள்ளே வைக்கச் சொல்லும், ‘அப்’ திருப்பி எழுதச் சொல்லும்.

திருப்புவதற்கு டர்ன்ஓவர், பேக், ஓவர்டர்ன்ட் என்று நிறைய உண்டு. நடுவர் ஒரு ட்ரையை ரத்து செய்வதை வைத்து: ‘ட்ரை ஓவர்டர்ன்ட்: நைட் ஃப்ளையர்ஸ் (4)’. ட்ரை என்பதற்கு முயற்சி என்ற பொருளில் ‘ஸ்டாப்’ (குத்திப் பார்ப்பது, கடைசி எழுத்து ‘பேட்’டின் பி). திருப்பினால் ‘பேட்ஸ்’. இரவில் பறக்கும் வௌவால்கள்.

ஆர், யு

இரண்டே எழுத்து, ஆனால் ரக்பியால் குறுக்கெழுத்துக்குக் கிடைத்த பெரிய சொத்து. ரக்பி யூனியனின் சுருக்கம். குறிப்பில் ‘கேம்’, ‘ஸ்போர்ட்’, ‘ரக்பி’, சில நேரம் வெறும் ‘யூனியன்’ என்று வரும். ரூயின், ரூபி, ரூட், ரூல், ரஸ்ட், ட்ரூத், க்ரூயல், ப்ரூட் என்று இந்த இரண்டெழுத்தும் ஒட்டி வரும் ஆங்கிலச் சொற்கள் ஏராளம் என்பதால் புதிர் அமைப்பவர் கை தானாக இங்கே போகும். ‘கேம் அட் ஹோம்: கம்ப்ளீட் ரெக் (4)’. கேமுக்கு ஆர், யு. வீட்டில் இருக்கிறார் என்பதற்கு ‘இன்’. விடை ‘ரூயின்’.

யூனியன் என்று வந்தால் அவசரப்பட வேண்டாம். அது தொழிற்சங்கமாக இருக்கலாம், கல்யாணமாக இருக்கலாம். ‘ரக்பி’யும் அப்படியே: அது வார்விக்ஷயரில் ஓர் ஊர், அந்த ஊரில் ஒரு புகழ்பெற்ற பள்ளி. ஆட்டத்துக்குப் பெயர் வந்ததே அந்தப் பள்ளியிலிருந்துதான்.

அணி என்றால் எத்தனை பேர் என்பது அடுத்த பொறி. ரக்பி தெரிந்தவர் ‘டீம்’ என்றதும் ரோமன் எண்ணில் 15 எழுதப் பார்ப்பார்: எக்ஸ், வி. இந்த இரண்டெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஆங்கிலச் சொல்லைத் தேடிப் பாருங்கள். கிடைப்பது குதிரைக்கொம்பு. எனவே மேல்பூச்சு முழுக்க ரக்பியாக இருந்தாலும் டீமும் சைடும் கிரிக்கெட், கால்பந்துக் கணக்கில் 11தான்: எக்ஸ், ஐ.

‘ஃப்ளை-ஹாஃப் பேக் வித் டீம் இன் கேப் (4)’

அதே பூச்சியின் பின்பாதி ஏ, டி. ‘பேக்’ என்பதால் திருப்பி டி, ஏ. டீம் எக்ஸ், ஐ. ‘டாக்ஸி’. ஃப்ளை-ஹாஃப் திரும்பி வந்து அணியோடு வாடகைக் காரில் ஏறுகிறார். பொய்க்கதை என்றாலும் அழகு.

ட்ரை, ஸ்கோர், பாயிண்ட்

ட்ரை என்ற மூன்றெழுத்து விடைக்குள் வால்போல ஒட்டிக்கொள்ளும்: பேஸ்ட்ரி, பேன்ட்ரி, என்ட்ரி, சென்ட்ரி, போயட்ரி. இவற்றில் ஒன்று விடையாக இருந்தால் குறிப்பில் ‘ஸ்கோர்’ என்றோ ‘டச்டவுன்’ என்றோ ஒரு சொல் இருக்க நல்ல வாய்ப்பு. ‘ஃப்ரெண்ட்ஸ் ஸ்கோர்: நாட் வொர்த் மச் (6)’. நண்பன் ‘பால்’ (பி, ஏ, எல்), ஸ்கோர் ‘ட்ரை’. சேர்ந்தால் ‘பால்ட்ரி’, அற்பமானது.

எதிர்த்திசையிலும் வரும். குறிப்பில் ‘ட்ரை’ என்றே போட்டுவிட்டு அதற்கு ‘கோ’, ‘ஷாட்’, ‘ஸ்டாப்’, ‘க்ராக்’, ‘எஸ்ஸே’ என்று எதிர்பார்ப்பார்கள். நீதிபதி வழக்கை விசாரிப்பதும் ட்ரை என்பதால் ‘ஹியர்’கூட. ஸ்கோர் என்றால் புள்ளி, இசைக்குறிப்பு, கீறல், இருபது.

பாயிண்ட் வந்தால் திசைகாட்டியை எடுங்கள். நார்த், ஈஸ்ட், சவுத், வெஸ்ட்டின் முதல் எழுத்துகளே பாயிண்டுகள். ‘ஃபைவ் பாயிண்ட்ஸ் ஷோயிங் குட் ஜட்ஜ்மென்ட் (5)’ என்பது ட்ரையைப் பற்றியதில்லை. எஸ், இ, என், எஸ், இ: ஐந்தும் திசைகள். விடை ‘சென்ஸ்’.

பல வேடக்காரர்கள்

சில சொற்கள் எழுத்தைத் தொடுவதில்லை, பொருளில் மட்டும் குல்லா போடும். லாக் என்றால் ஃபார்வர்டு, பூட்டு, முடிக்கற்றை, கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் மதகு. ‘பிட் ஆஃப் ஹேர் இன் த செகண்ட் ரோ (4)’ என்பதில் இரண்டு நேர்ப்பொருள் மட்டுமே உள்ளன, வேறு வேலை இல்லை. ஹுக்கருக்குத் தூண்டில்காரர் என்றும் பொருள் கொள்ளலாம். கொச்சையாக இன்னொரு பொருளும் உண்டு, புதிர் அமைப்பவர்கள் அதையும் விடுவதில்லை. ப்ராப் நாடக மேடைச் சாமானும் ஆகும். விங்கர் பறவையாக இருக்கலாம். ‘நம்பர்’ என்பதை ‘நம்ப்’ என்ற மரத்துப்போதலிலிருந்து பிறந்த சொல்லாகப் பார்த்தால் மயக்க மருந்து. விடை ‘ஈதர்’ என்று வந்து நிற்கும்.

ஒளித்துவைப்பதும் உண்டு. ‘சம் இம்ப்ராப்பர் ஃபார்வர்ட் (4)’. ‘சம்’ என்றால் கொஞ்சம் மட்டும் எடு. ‘இம்ப்ராப்பர்’ என்பதன் வயிற்றில் ‘ப்ராப்’ படுத்திருக்கிறது. இது கரந்துறை. சாடைச் சொல்லைக் கண்டால் இதைவிடச் சுலபமான வகை இல்லை. காணாவிட்டால் அரை மணி நேரம் போகும்.

ஒலி ஒப்புமையில் மட்டும் ஜாக்கிரதை. மால் என்ற ரக்பிச் சொல்லும் கடைவளாகத்தைக் குறிக்கும் மாலும் அமெரிக்கர் வாயில் ஒன்றாக ஒலிக்கலாம். லண்டனில் அரண்மனைக்குப் போகும் ‘த மால்’ சாலையின் பெயர் வேறு மாதிரி. அதனால் நல்ல குறிப்பில் ‘அமெரிக்கன்’ என்ற சொல் எங்காவது செருகியிருக்கும். நம் உச்சரிப்பில் இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தால் சில குறிப்புகள் காரணம் புரியாமலேயே விடையாகிவிடும்.

ஒரு குறிப்பு, முதலிலிருந்து

‘செய்லர்ஸ் கேம் பிஃபோர் ஜிம் கிளாஸ்: சடன் (6)’

முதலில் இரு முனைகளையும் பாருங்கள். முன்முனை ‘செய்லர்’, பின்முனை ‘சடன்’. இரண்டில் ஒன்று நேர்ப்பொருள். கோலன் ‘சடன்’ என்பதைத் தனியாகப் பிரித்துக் காட்டினாலும் நிறுத்தற்குறியை நம்பக் கூடாது என்று ஏற்கெனவே பார்த்தோம். ஆனால் ‘சடன்’ நேர்ப்பொருள் என்று வைத்துக்கொண்டால் மிச்சம் மூன்று துண்டாக அழகாகப் பிரிகிறது: செய்லர், கேம், ஜிம் கிளாஸ். கலை, திருப்பு, வெட்டு என்று சொல்லும் சாடை எதுவும் கண்ணில் படவில்லை. அப்படியென்றால் துண்டுகளை வரிசையாக ஒட்டும் வகை.

செய்லர் என்றால் கிரிப்டிக்கில் ‘டார்’, ‘சால்ட்’, ‘ஜாக்’, இல்லையென்றால் ஏபிள் சீமன் என்பதன் சுருக்கமான ஏ, பி. கேம் என்றால் ஆர், யு அல்லது ‘கோ’ அல்லது ‘டேக்’. ஜிம் கிளாஸ் என்றால் நம் பள்ளிகளில் எல்லோருக்கும் தெரிந்த பி.டி. பீரியட், அல்லது பி.இ.

இப்போது எண்ணிக்கை. மொத்தம் ஆறு. ஜிம் வகுப்பு இரண்டு எழுத்து, ஆர்-யு இரண்டு. மாலுமிக்கு மிஞ்சுவது இரண்டுதான். ‘டார்’ மூன்று, ‘சால்ட்’டும் ‘ஜாக்’கும் நான்கு, மூன்றும் போயின. ஏ, பி நிற்கிறது. ஏ, பி, ஆர், யு, அதோடு பி.டி. ‘அப்ரப்ட்’. திடீரென்று என்று பொருள். பி.இ. போட்டிருந்தால் சொல்லே இல்லை. ‘பிஃபோர்’ என்ற சொல் கேம் முன்னால், ஜிம் பின்னால் என்று வரிசையையும் உறுதிசெய்கிறது.

‘செய்லர்ஸ்’ என்பதில் கடைசியில் வரும் எஸ்? அது மேல்பூச்சில் மாலுமி‘யின்’. சொல் விளையாட்டில் மாலுமியிடம் இருக்கிறது, அதாவது ‘ஹேஸ்’. இந்த எஸ் ஒட்டு மட்டும், மற்ற எதையும்விட அதிகமாகத் தொடக்கக்காரர்களைக் குழப்புகிறது. சில நேரம் அது விடைக்குள் நுழையும் உண்மையான எழுத்தாகவும் இருக்கும். மூன்று சாத்தியங்களையும் முயல வேண்டும்.

அடிக்கடி சறுக்கும் இடங்கள்

‘ஆன்’ என்ற சொல் இடம் பார்த்துக் குணம் மாறும். குறுக்காக எழுதும் குறிப்பில் ‘அது ஆன் இது’ என்றால் பெரும்பாலும் இது முதலில், அது பிறகு. கீழ்நோக்கி எழுதும் குறிப்பில் ஒன்றின்மேல் ஒன்று நிற்பதால் அது முதலில், இது அடியில்.

பெரிய எழுத்தைப் பற்றி ஒரு மரபு: தேவையில்லாத இடத்தில் பெரிய எழுத்துப் போட்டு ஏமாற்றலாம், தேவையான இடத்தில் எடுத்துவிட்டு ஏமாற்றக் கூடாது. குறிப்பின் முதல் சொல்லுக்கு எப்படியும் பெரிய எழுத்து வரும் என்பதால், ஒரு பெயர்ச்சொல்லை அங்கே வைத்தால் யாருக்கும் சந்தேகம் வராது. ‘ரக்பி’ என்று தொடங்கும் குறிப்பில் ஊரையும் பள்ளியையும் நினைத்துக்கொள்ளச் சொன்னது அதனால்தான்.

விடையே ரக்பிச் சொல்லாக வரும்போது எண்ணிக்கையைக் கவனியுங்கள். (4-3) என்று கோடிட்டிருந்தால் லைன்-அவுட், (3-4) என்றால் ஃப்ளை-ஹாஃப், (5-2) என்றால் நாக்-ஆன் (பந்து கையில் பட்டு முன்னால் விழுவது) என்று முயலலாம். மேல்பூச்சு ரக்பியாக இருக்கும் குறிப்பில் விடை ரக்பியாக இருப்பது அபூர்வம். தோட்டம், சமையல், கப்பல் என்று போகும் குறிப்பில்தான் ‘மால்’ வந்து உட்காரும். ஆட்டத்தை நன்றாகத் தெரிந்தவருக்கு அந்த அறிவே இடைஞ்சல் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்; அவர் கண்ணுக்கு ஸ்க்ரம் முதலில் தெரிந்துவிடுகிறது, எழுத்து பிறகுதான் தெரிகிறது.

கைப்பழக்கத்துக்கு இரண்டு. ‘கன்ட்ரி வித் ஜிம் கிளாஸ் பிஃபோர் கேம் (4)’: மேலே வந்த துண்டுகளே, இந்தமுறை வெற்றி பி.இ.-க்கு. விடை தென் அமெரிக்காவில் இருக்கிறது.

இன்னொன்று ‘மார்ச் டேட் ஃபார் ஆஃப் சைட் (4)’. பிப்ரவரி, மார்ச்சில் நடக்கும் சிக்ஸ் நேஷன்ஸ் (ஆறு ஐரோப்பிய அணிகளின் ரக்பி) போட்டி அட்டவணை மாதிரி இருக்கும். ‘சைட்’ என்ற நான்கெழுத்தைக் கலையுங்கள், ஜூலியஸ் சீசர் குத்துப்பட்டுச் செத்த நாளின் ரோமானியப் பெயர் ‘ஐட்ஸ்’ கிடைக்கும். அது மார்ச் 15. ரக்பி அணிக்கும் 15 பேர்தான், ஆனால் இந்தக் குறிப்பில் அதற்கு வேலையில்லை.